கப்பலுக்குப் போன வேட்டி

என் மாமனாருக்கு சாத்தூரில் பெயிண்ட் கடை. 2023-ல் ஊரில் இருக்கிற சுவர்கள் போதாதென்று சுற்றுவட்டாரத்துச் சுவர்களுக்கும் சேர்த்து எமல்ஷன் அடிக்க வைத்து, கம்பெனி வைத்த டார்கெட்டைத் தாண்டிக் குதித்துவிட்டார். பரிசு: சிங்கப்பூரிலிருந்து மூன்று ராத்திரி உல்லாசக் கப்பல் பயணம். இரண்டு பேருக்கு.

இரண்டு பேர் என்றால் மாமாவும் அத்தையும் என்றுதான் நியாயமான எந்த மனிதனும் நினைப்பான். ஆனால் அத்தை கையை விரித்துவிட்டார். "கம்மாத் தண்ணியில கால் நனைச்சாலே எனக்குச் சளி பிடிக்கும். மூணு நா கடலுக்குள்ள கிடக்கவா? மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. அவுகளுக்கு இங்க என்ன வேலை?"

பத்திரிகைக்கு எழுதுவதை எங்கள் குடும்பத்தில் யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு தடவை அது எனக்கு அனுகூலமாகப் போயிற்று.

பயண விவரங்கள் வந்து சேர்ந்தன. படித்துக்கொண்டே போனேன். விமானம், விசா, கப்பலில் நீச்சல் குளம், பினாங்கில் ஒரு பகல்... எல்லாம் சுகமாகத்தான் இருந்தது, நான்காவது பக்கம் வரும்வரை. அங்கே மூன்றே வரி. முதல் நாள் டின்னர்: ஸ்மார்ட் கேஷுவல். இரண்டாம் நாள் டின்னர்: ஃபார்மல். மூன்றாம் நாள்: மறுபடி ஸ்மார்ட் கேஷுவல்.

கேஷுவல் எனக்குத் தெரியும். லுங்கி. அதில் ஸ்மார்ட் என்றால்? இஸ்திரி போட்ட லுங்கியா?

தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற நண்பனுக்கு போன் போட்டேன். வாரத்தில் ஐந்து நாளும் இந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்துகிறவன். "ஜீன்ஸ் போடலாம்டா. ஆனா கிழியாத ஜீன்ஸ்" என்றான். கடைகளில் இப்போது கிழியாததுதான் விலை குறைவு என்பதால் இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் நானே உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது ஆபீஸ் செலவிலோ மாமனார் செலவிலோ கப்பல் யோகம் அடித்தால் உதவும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கப்பலில் பெரிய டைனிங் ஹால் ஒன்று இருக்கும். கட்டுப்பாடெல்லாம் முக்கியமாக அங்கேதான். ஸ்மார்ட் கேஷுவல் என்றால் பேண்ட், காலர் வைத்த சட்டை, மூடின காலணி. அரை டிராயர், கையில்லா பனியன், நீச்சல் உடை, ரப்பர் செருப்பு, தலையில் தொப்பி, இதெல்லாம் கூடாது. ஃபார்மல் என்றால் கோட்டு சூட்டு, டை. இன்னும் ஆசையிருந்தால் கறுப்பு டின்னர் ஜாக்கெட், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி வில் டை. இதில் எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு மேல் தளத்தில் பஃபே உண்டு. அங்கே நீங்கள் டிராயரோடு போய் நின்றாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி இல்லை. 'குயின் மேரி 2' என்று ஒரு ராட்சசக் கப்பல். 2004-லிருந்து ஓடுகிறது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு அது ஏழு ராத்திரி போகும்போது, சாயங்காலம் ஆறு மணி அடித்தால் ஒழுங்காக உடுத்தித்தான் பிரதான இடங்களில் நடமாட வேண்டும். அதிலும் 'காலா' ராத்திரி என்று சில ராத்திரிகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வில் டை, இல்லாவிட்டால் கறுத்த சூட்டும் டையும்தான். இன்னொரு பக்கம், 'நார்வீஜியன்' கம்பெனிக்காரர்கள் 2000-ல் 'ஃப்ரீஸ்டைல்' என்று ஆரம்பித்து, போட்டதைப் போட்டுக்கொண்டு வாருங்கள், பசித்தபோது சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற கம்பெனிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ மிதக்கின்றன.

இந்தக் கோட்டு விவகாரம் தளர்ந்ததற்கு நாகரிகம் மட்டும் காரணமில்லை. பெட்டியும் காரணம். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் இரும்புப் பட்டை போட்ட டிரங்குப் பெட்டிகளாக ஏற்றினார்கள். பிரயாணத்தில் வேண்டாத பெட்டிக்கு 'வேண்டாம்' என்று சீட்டு ஒட்டிக் கீழ்க் கிட்டங்கியில் போட்டுவிடுவார்கள். துறைமுகத்துக்கே விமானத்தில் பறந்துபோய்க் கப்பலேறுகிற இந்தக் காலத்தில், விமானத்தில் விடுகிற கிலோக் கணக்குக்குள் வில் டை, கோட்டு, ஷூ, அத்தை தந்த முறுக்கு டின் எல்லாம் அடங்க வேண்டும். முதலில் வெளியே போவது கோட்டுதான். முறுக்கு போகாது.

அந்த டின்னர் ஜாக்கெட்டுக்கே ஒரு பூர்வ கதை உண்டு. 1865-ல் பிரிட்டிஷ் இளவரசர் (பின்னால் ஏழாம் எட்வர்ட் ஆனாரே, அவர்) லண்டன் ஸவில் ரோவில் ஹென்றி பூல் என்ற தையல் கடையில் வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்று தைக்கச் சொன்னார். ஏன் என்றால், வால் வைத்த கோட்டுதான் அப்போது முறையான உடை. நாலு பேர் கூடுகிற வீட்டுச் சாப்பாட்டுக்கு அது தொந்தரவு. சௌகரியமாக ஒன்று வேண்டுமென்று இதைத் தைத்துக்கொண்டார். 1886 வாக்கில் அது அமெரிக்காவுக்குப் போய் டக்ஸீடோ பார்க் என்ற ஊர் க்ளப்பில் புகுந்தது. அந்த ஊர்ப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதாவது அவர்கள் காலத்து கேஷுவல்தான் நம் காலத்து ஃபார்மல். இன்னும் நூறு வருஷம் கழித்துக் கப்பலில் அரை டிராயர் போடாதவனை வாசலில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

வெள்ளைக்காரன் எல்லா இடத்திலும் கோட்டோடு வெந்துகொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏ.சி. இல்லாத காலத்தில் கப்பல் செங்கடலுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிவிடுவான். வெள்ளை அரைக்கைச் சட்டை, கறுப்பு பேண்ட், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டுக் கச்சை. அதோடு டின்னர். அந்த வேஷத்துக்கு 'ரெட் ஸீ ரிக்' என்றே பெயர். கச்சைக்குப் பெயர் கம்மர்பண்ட். அதுவும் நம் நாட்டிலிருந்து போன சரக்குதான். இந்துஸ்தானியில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு கௌரவமாகச் சாப்பிட உட்காரலாம் என்று அவன் இந்தியாவில் கற்றுக்கொண்டான்.

இவ்வளவும் படித்துக் கரைத்துக் குடித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமாவிடம் போய், "மாமா, கப்பல்ல வேட்டி விட மாட்டாங்க" என்று சொன்னேன்.

மாமாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேறு உடுப்பில் அவரை நான் பார்த்ததில்லை, அவர் மகளும் பார்த்ததில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை பெயிண்ட் டப்பாக்களுக்கும் கலவை மெஷினுக்கும் நடுவில் நிற்பார். சிவப்பு ஆக்ஸைடும் நீலமும் தெறித்துக்கொண்டே இருக்கும். கடைப் பையன்கள் ஹோலி கொண்டாடியவர்கள் மாதிரி இருப்பார்கள். மாமா வேட்டியில் ஒரு புள்ளி இருக்காது. எப்படி என்று கேட்டால் சிரிப்பார்.

"யாரு சொன்னா?" என்றார்.

"போட்டிருக்கு மாமா."

போட்டிருக்கவில்லை. 'ஃபார்மல்' என்றுதான் போட்டிருந்தது. மீதியை நான் போட்டுக்கொண்டேன்.

"மெட்ராஸ்ல கிரிக்கெட் க்ளப்புல வேட்டி கட்டுன ஜட்ஜை உள்ள விடலைன்னு பெரிய ரகளையாகி, சட்டமே போட்டாகளே மாப்ளே?"

வாஸ்தவம். 2014 ஜூலையில் நடந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க க்ளப்பில் விடவில்லை. அதே வருஷம் சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் க்ளப்பின் லைசென்ஸ் ரத்து, ஒரு வருஷம்வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

"அது தமிழ்நாட்டுக்குள்ள மாமா. இது நடுக்கடல். கப்பல்ல எந்த நாட்டுக் கொடி பறக்குதோ அந்த நாட்டுச் சட்டம். இந்த மாதிரிக் கப்பல்ல பாதிக்கு மேல பஹாமஸ், பனாமான்னு எங்கேயாவது பதிவு பண்ணியிருப்பாங்க."

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்பச் சரி. நீங்க படிச்சவுக" என்றார்.

பி.காம்., செகண்ட் கிளாஸ். இருந்தாலும் அந்த வார்த்தையை அப்போது சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

மதுரைக்குப் போய் அவருக்கு இரண்டு ரெடிமேட் பேண்ட் வாங்கினோம். கடைப் பையனுக்கும் மாமாவுக்கும் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதில் பலத்த அபிப்பிராய பேதம். வேட்டிக்காரருக்கு இடுப்பு தொப்புளுக்கு மேலே. பேண்ட்காரனுக்குத் தொப்புளுக்குக் கீழே. நடுவில் இருக்கிற நான்கு அங்குலத்தை யார் ஆள்வது என்று கால் மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பெல்ட் போட்டு சமாதானம் செய்தோம். டிரையல் ரூமிலிருந்து வெளியே வந்த மாமா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "நல்லாருக்கு மாமா" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

எனக்குப் பிரச்னை இல்லை. 2016-ல் என் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த சூட் இருந்தது. 14,000 ரூபாய். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டாலும் சரி, குறைந்து செல் இருப்பு முறையில் போட்டாலும் சரி, அதுவரை இரண்டே தடவை போட்ட வகையில் தடவைக்கு ஏழாயிரம். கப்பலில் ஒரு தடவை போட்டால் சராசரி நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அதே சமயத்தில் வாங்கிய கறுப்பு ஷூவும் டப்பாவில் டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பரணில் பத்திரமாக இருந்தது. புத்தம் புதுசு.

சிங்கப்பூர் மெரீனா பே கப்பல் முனையத்தில் முதல் அடி. விமான நிலையம் மாதிரியே பெட்டிகளை எக்ஸ்ரே பார்த்தார்கள். என் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளே இஸ்திரிப் பெட்டி! கோட்டுக்கும் சட்டைக்கும் மடிப்பு கலையக் கூடாதென்று பெண்டாட்டி வைத்து அனுப்பியது. கப்பலில் தீதான் பெரிய பயம் என்பதால் ரூமில் இஸ்திரிப் பெட்டி கூடாதாம். கெட்டில் கூடாது, மெழுகுவத்தி கூடாது. சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இறங்குறப்போ குடுத்துருவாகளா?" என்று மாமா மூன்று முறை கேட்டார். கொடுத்தார்கள். (சட்டை கசங்கியிருந்தால் பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் மாட்டி வையுங்கள். முக்கால்வாசி நீவிக்கொள்ளும். மீதி கால்வாசிக்குக் கப்பல் சலவைக்காரர் டாலரில் வாங்குவார்.)

இன்னொரு விஷயம். மிலிட்டரிக்காரர் மாதிரி பச்சைத் திட்டுப் போட்ட பேண்ட் இளைஞர்களிடம் நிறைய இருக்கிறது. கரீபியன் பக்கம் கப்பலில் போகிற யோகம் வந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்படாஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் ராணுவத்தார் அல்லாதவர் அதைப் போடுவது சட்டப்படி குற்றம். டைனிங் ஹாலில் தடுப்பது சர்வர். அங்கே தடுப்பது போலீஸ்.

முதல் ராத்திரி டின்னர். ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, ஆனால் மாடி மாடியாக. சர விளக்கு. ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. தட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆயுதங்கள். எங்கள் மேஜையில் சேலம், கோயம்புத்தூர், விஜயவாடா டீலர்கள். ஸ்மார்ட் கேஷுவலில் கலகலவென்று இருந்தார்கள். விஜயவாடாக்காரரின் மனைவி பட்டுப் புடவையில் வந்தார். வாசலில் நின்ற சிப்பந்தி அவருக்குத் தலை வணங்கி நாற்காலியை இழுத்துப் போட்டான். பெண்களுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. பட்டுப் புடவைக்கு எந்தக் கப்பலிலும் ராஜ மரியாதை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாமா பேண்ட்டில் உட்கார்ந்திருந்தார். பெல்ட் வயிற்றைப் பிடித்ததா, மனசு பிடிக்கவில்லையா தெரியாது. நேராக, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். எழுந்திருக்கும்போதெல்லாம் அவருடைய வலது கை தானாகக் கீழே போகும். வேட்டி நுனியைத் தேடும். நுனி இருக்காது. கை அப்படியே ஒரு கணம் நின்று, பிறகு பாக்கெட்டில் போய் ஒளிந்துகொள்ளும். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு பன், கொஞ்சம் ஐஸ்க்ரீம். அவ்வளவுதான் சாப்பிட்டார். கடையில் முப்பது பேரை மேய்க்கிற மனுஷர், சேலத்துக்காரர் கேட்ட கேள்விக்குக் கூட ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்.

"ஏன் மாமா சாப்பிடலை?"

"பசியில்லை மாப்ளே."

ராத்திரி ஒரு மணி இருக்கும். 'கறுக் மொறுக்' என்று சத்தம் கேட்டு விழித்தேன். கப்பல்தான் எங்கேயாவது உடைகிறதோ என்று ஒரு நிமிஷம் டைட்டானிக் ஞாபகம் வந்தது. இல்லை. மாமா. வேட்டி கட்டிக்கொண்டு, விளக்குப் போடாமல், ஜன்னல் ஓரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தை தந்த டின்னைத் திறந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியக் கூடாதென்று மெதுவாகக் கடிக்கிறார். முறுக்கில் அது நடக்கிற காரியமா? வெளியே மலாக்கா ஜலசந்தி. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த 'சத்திய சோதனை' வந்தது.

1888 செப்டம்பரில் 18 வயதுப் பையனாக காந்தி பம்பாயில் கப்பல் ஏறி லண்டனுக்குப் போகிறார். கத்தி முள் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தன் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டியிருக்கிறார். கப்பலில் கறுப்பு சூட். நண்பர்கள் வாங்கித் தந்த வெள்ளை ஃப்ளானல் சூட்டை இறங்கும்போது போடலாமென்று ஆசையாக எடுத்து வைத்திருந்தார். போட்டுக்கொண்டு இறங்கினார். செப்டம்பர் கடைசி. சுற்றிப் பார்த்தால் அந்த ஊரிலேயே வெள்ளை உடுப்பில் நிற்கிற ஒரே ஆள் அவர்தான். மாற்றலாமென்றால் பெட்டி கைக்கு வரவில்லை. அந்த அவமானத்தை அவரே எழுதியிருக்கிறார். 43 வருஷம் கழித்து, 1931-ல், அதே பம்பாயிலிருந்து 'ராஜ்புதானா' கப்பலில் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனபோது அவர் கட்டியிருந்தது முழங்கால்வரை ஒரு துண்டு. அதோடுதான் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போனார்.

மாமா டின்னை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பக்கத்துப் படுக்கையில் இப்படி ஒருவரை உட்கார வைத்த புண்ணியவான் நான்.

மறுநாள் பினாங்கு. இறங்குவதற்கு வேட்டிதான் கட்டினார் மாமா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே லிட்டில் இந்தியாவில் தமிழ்ப் பாட்டு, மல்லிகைப்பூ, வாழையிலைச் சாப்பாடு. மாமா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வன்சாமான் கடைக்குள் நுழைந்து அந்த ஊர் பெயிண்ட் டப்பாவைத் தட்டிப் பார்த்து, லிட்டர் என்ன விலை, டீலருக்கு எவ்வளவு கழிவு என்று முதலாளியிடம் அரை மணி நேரம் பேசினார். என்னை மறந்தே போனார். சாத்தூர் மாமா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பினோம். ஃபார்மல் ராத்திரி. மாமா படுக்கையில் உட்கார்ந்து அந்த இரண்டாவது பேண்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க மாப்ளே. எனக்கு மத்தியானம் சாப்பிட்டதே நிறைஞ்சு கெடக்கு" என்றார்.

"எல்லா டீலரும் வருவாங்க மாமா. உங்களுக்கு ஷீல்டு தர்றாங்க."

"நீங்க வாங்கிக்கங்க. நம்ம வீட்டுப் பிள்ளைதானே."

நான் சட்டென்று வெளியே வந்து வரவேற்பு மேஜைக்குப் போனேன். பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி இருந்தாள். என் இங்கிலீஷில் சுற்றி வளைத்து, எங்கள் ஊரில் ஒரு உடை, தைக்காதது, இடுப்பில் சுற்றுவது, வெள்ளை, வயதானவர், மரியாதைக்குரியவர் என்று உளறினேன். செல்போனில் படம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டு உடையா? தாராளமாக வரலாம் சார். எங்கள் ஊரிலும் விசேஷத்துக்கு ஆண்கள் எங்கள் சட்டையைத்தான் போடுவார்கள்" என்றாள். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய பெரிய கப்பல்களிலும் வில் டை ராத்திரியன்று அவரவர் தேசிய உடைக்கு அனுமதி உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கட்டம் போட்ட பாவாடையோடே வருகிறார். சாத்தூரிலிருந்து ஒரு ஈமெயில் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் செங்கடலையும் டக்ஸீடோ பார்க்கையும் படித்துக்கொண்டிருந்தேன்.

ரூமுக்கு ஓடிவந்து சொன்னேன். மாமா நம்பவில்லை. "நேத்து போட்டிருக்குன்னீகளே?"

"தப்பாப் படிச்சுட்டேன் மாமா."

அவர் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். துணிகளை ஒதுக்கி, அடியில் நியூஸ் பேப்பர் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். பட்டு வேட்டி, பட்டு அங்கவஸ்திரம். இரண்டு விரல் அகல ஜரிகை. என் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தபோது அவர் கட்டியிருந்தது. "உங்கத்தை வச்சு விட்டா. வேணாம்டீ, மாப்பிள்ளை கூடாதுன்னுட்டாகன்னேன். கெடக்கட்டும்னா."

அவர் கட்டிக்கொண்டு வருவதற்குள் நான் சூட்டைப் போட்டேன். பித்தான் மட்டும் 2016-ஐ விட்டு வர மறுத்தது. திறந்தே விட்டுக்கொண்டேன். ஷூவை மாட்டினேன். லிஃப்ட்வரை இருபது அடி நடந்திருப்பேன். கால் சில்லென்று தரையைத் தொட்டது. திரும்பிப் பார்த்தால் கம்பளத்தில் வரிசையாகக் கறுப்புத் துண்டுகள், கோதுமை அல்வா பிய்த்துப் போட்ட மாதிரி. ஷூவின் அடிப்பாகம்! டப்பாவிலேயே ஏழு வருஷம் கிடந்ததில் ஈரக்காற்று பட்டுப்பட்டு உள்ளுக்குள்ளேயே மக்கியிருக்கிறது. பாலியூரித்தேன் அடிப்பாகம் வைத்த ஷூவுக்கு இந்த வியாதி உண்டு. போடாமல் வைத்திருந்தாலும் வரும். பரணில் 'புத்தம் புதுசு' ஷூ வைத்திருக்கிற கல்யாணமான இளைஞர்கள் இன்றைக்கே இறக்கி வளைத்துப் பாருங்கள்.

மாமா குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். "பி.யு. தானே மாப்ளே? நம்ம கடையில வார்னிஷ்ல வருது. அதுவும் ரொம்ப நாள் வச்சா டப்பாவிலயே கெட்டுப் போயிரும்" என்றார். பெயிண்ட் டீலருக்குத் தெரியாத கெமிஸ்ட்ரி இல்லை.

என்னிடம் மீதியிருந்தது நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. மேஜை துணி மறைத்துவிடும் என்ற தைரியத்தில் அதோடு போனேன்.

வாசலில் அதே சிப்பந்தி. மாமாவைப் பார்த்தான். வேட்டி, ஜரிகை, தோளில் அங்கவஸ்திரம், காலில் தோல் செருப்பு. நிமிர்ந்து நின்று, "குட் ஈவ்னிங் சார்" என்று தலை வணங்கினான். மாமா கும்பிட்டார். அப்புறம் அவன் பார்வை மெதுவாக என் கோட்டில் ஆரம்பித்து, டையில் இறங்கி, பேண்ட் வழியாகத் தரைக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மிக மரியாதையாக, "மேலே பஃபே இருக்கிறது சார்" என்றான்.

"நானும் வர்றேன் மாப்ளே. சேர்ந்தே மேல போவோம்" என்றார் மாமா. உண்மையாகத்தான் சொன்னார். ஒரு அடி திரும்பியும் விட்டார்.

"ஷீல்டு மாமா. போங்க."

போனார். கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். சேலத்துக்காரர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மேஜையில் ஒரு ஜப்பானியத் தாத்தா அங்கவஸ்திரத்து ஜரிகையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்க, மாமா சாத்தூர்த் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். மாமா உட்காரும்போது வலது கை கீழே போயிற்று. நுனி இருந்தது.

நான் மேலே போய் கோட்டும் டையும் ரப்பர் செருப்புமாக க்யூவில் நின்றேன். முன்னால் அரை டிராயரில் ஒரு ஆஸ்திரேலியக் குடும்பம். அவர்கள் பையன் என்னைப் பார்த்துவிட்டு, டைனிங் ஹாலுக்கு வழி இது இல்லையே என்று அக்கறையாகச் சொன்னான். தெரியும் தம்பி என்றேன். தயிர் சாதம் இருந்தது. சுமார்.

ஃபார்மல் ராத்திரியில் கப்பல் போட்டோகிராபர் ஒருவர் சுற்றி வருவார். படத்தை மறுநாள் மாட்டி வைத்து டாலரில் விற்பார்கள். மாமா பேரம் பேசிப் பார்த்துவிட்டு, நடக்காமல், முழு விலை கொடுத்தே வாங்கினார். நடுவில் மாமா ஷீல்டோடு, இந்தப் பக்கம் வெள்ளை யூனிஃபாரத்தில் கேப்டன், அந்தப் பக்கம் யாருமில்லை. சாத்தூர் கடையில் கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் கேட்பார்களாம், மாப்பிள்ளையும் கூடப் போனாரே, படத்தில் காணோமே என்று.

"அவுக பஃபேக்குப் போயிருந்தாக" என்பாராம் மாமா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை. இஸ்திரிப் பெட்டிக் கதையை மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.